மலையேறும்போது தயங்கும் ஜீப்: தவறு ஓட்டுநரிடமா, கியர் பெட்டியிலா?

செங்கலடியிலிருந்து பதுளைக்குப் புறப்படும் வாகனம் மகாஓயா, பிபிலை வரை எந்தக் குறையும் காட்டாது. பாதை சமதரை. பிபிலையைத் தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும்தான் பிரச்சினை தெரியவரும். எக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் கூடுகிறது, ஆனால் வாகனம் நகர்வதில்லை. ஒரு கணம் கழித்து, யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் திடீரெனப் பாய்கிறது. வளைவில் நின்று மீண்டும் புறப்படும்போது சற்றுப் பின்னால் உருள்வதும் உண்டு.

கராஜில் சொன்னால், "ஓடிப் பழகினால் சரியாகிவிடும்" என்பார்கள். விற்றவரிடம் சொன்னால், "உங்களுக்கு ஓட்டோ கியர் ஓடத் தெரியவில்லை" என்பார். வெளிநாட்டு உழைப்பையும் லீசிங் கடனையும் சேர்த்து வாங்கிய வாகனத்துக்கு இந்தப் பதில் போதாது. ஏனெனில், இந்தத் தயக்கத்துக்குப் பல வேளைகளில் வாகனத்தின் அமைப்பே காரணம். அது உலகறிந்த விடயம்.

இலங்கையின் தமிழ், சிங்களக் குடும்பங்கள் அதிகம் விரும்பி வாங்கிய சிறிய ஜீப்களில் ஒன்று ஹொண்டா வெசல். 2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த அதன் ஹைபிரிட் மாதிரியில் ஏழு கியர்களும் இரண்டு கிளச்களும் உள்ளன. கிளச் பிடிப்பதையும் விடுவதையும் கால் செய்வதில்லை, கணினி செய்கிறது. வெளிவந்து சில வாரங்களிலேயே, 2014 பெப்ரவரியில், கியர் பெட்டியை இயக்கும் மென்பொருளில் குறை இருப்பதாக ஹொண்டா அறிவித்தது. கியர் சரியாகப் பொருந்தாமல் வாகனம் புறப்படத் தாமதிக்கலாம், புறப்படாமலும் போகலாம் என்பதே குறை. ஃபிட் ஹைபிரிட், வெசல் ஹைபிரிட் இரண்டுமாக 81,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. ஃபிட் ஹைபிரிட் மட்டும் ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் ஐந்து தடவை திரும்ப அழைக்கப்பட்டது. அந்த ஒக்டோபரில் நிறுவனத் தலைவர் உட்பட உயர் அதிகாரிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டனர். 2021இல் வந்த புதிய வெசல் ஹைபிரிட்டில் இந்த இரட்டைக் கிளச் பெட்டியே இல்லை.

மென்பொருளைத் திருத்திய பிறகும் மலையில் ஏன் தயக்கம் வருகிறது? இந்த வாகனத்தில் புறப்படும் வேலையைப் பெரும்பாலும் மின்மோட்டார் செய்கிறது. பற்றரியில் சக்தி இருக்கும்வரை புறப்பாடு மென்மையாக இருக்கும். நீண்ட ஏற்றத்தில், லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பற்றரி இறங்கிவிடும். பிறகு என்ஜின்தான் இழுக்க வேண்டும். அதற்குக் கிளச் பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் வேலை செய்கிறது. இது எண்ணெயில் மூழ்காத உலர் கிளச். வழுக்கினால் சூடேறும், சூடேறினால் கணினி அதைக் காப்பாற்றப் பிடியைத் தளர்த்தும். அந்தத் தளர்வைத்தான் நாம் தயக்கமாக உணர்கிறோம்.

அண்மையில் வந்த பல சிறிய ஜீப்களில் இருப்பது சிவிடி வகை. இரண்டு கப்பிகளுக்கு இடையே உருக்குப் பட்டி ஓடும். காலை அழுத்தியதும் கப்பிகளின் அளவு மாறி, சிறிய என்ஜின் வேகம் பிடித்த பிறகே இழுவை கிடைக்கும். பண்டாரவளை, ஹப்புத்தளை உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட 10 வீதத்துக்கு மேல் குறைவு என்பதால், டர்போ இல்லாத என்ஜினின் வலுவும் ஏறக்குறைய அந்த அளவு குறையும். ஐந்து பேரும் பொதிகளும் ஏறினால் தாமதம் இன்னும் கூடும்.

கொழும்பில் இது எரிச்சல் மட்டும்தான். ஊவாவில் அப்படியல்ல. பசறை, மடுல்சீமை, நமுனுகுலை தோட்டப் பாதைகளில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். 2021 மார்ச்சில் பசறை 13ஆம் கட்டையில், கல் சரிந்து ஒடுங்கியிருந்த இடத்தில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பன்னிரண்டுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குக் கியர் பெட்டி காரணமல்ல. ஆனால் அந்தப் பாதையில் ஓர் அடி எவ்வளவு பெறுமதியானது என்பதை அது காட்டியது. தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நோயாளியை ஏற்றிச் செல்லும் வாகனம் வளைவில் தயங்கக்கூடாது.

எங்கள் மக்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1977, 1983 வன்முறைகளால் மலையகத்திலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் இன்றும் பண்டிகைக்கும் துக்கத்துக்கும் உறவுகளைத் தேடி மலையேறுகின்றன. ஏ9 வீதியில் பழகிய ஓட்டம் அங்கே உதவாது. ஜப்பானில் பாவித்து வந்த வாகனங்களில் எச்சரிக்கையும் ஜப்பானிய மொழியிலேயே வரும். "கியர் பெட்டி சூடேறிவிட்டது, நிறுத்துங்கள்" என்று வாகனம் சொல்லும், ஓட்டுபவருக்குப் புரியாது. எனவே தெரியாத எழுத்து திரையில் வந்தால், பாதுகாப்பான சமதரையில் நிறுத்தி, பீ-யில் போட்டு ஆறவிடுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். அந்தப் படம் பின்னர் சாட்சியாகவும் உதவும்.

ஏற்றத்தில் எக்ஸிலேட்டரை மெல்ல மிதித்து வாகனத்தை ஒரே இடத்தில் பிடித்து வைக்காதீர்கள், பிரேக்கில் பிடியுங்கள். முன்னால் உள்ள வாகனத்தை ஒட்டி ஊராமல், இடைவெளி விட்டு நின்று ஒரே மூச்சில் புறப்படுங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் எஸ் அல்லது எல் நிலையைப் பயன்படுத்துங்கள். கியர் பெட்டி ஒயிலை நிறுவனம் குறிப்பிட்ட வகையிலேயே மாற்றுங்கள். சிவிடிக்குச் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பட்டியும் கப்பியும் கெடும்.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வாகனங்களே கை மாறிக்கொண்டிருந்தன. திரும்ப அழைக்கும் அறிவித்தல் ஜப்பானில் இருந்த முதல் உரிமையாளருக்குப் போயிருக்கும்; உங்களுக்கு வராது. வாங்குமுன் செஸி இலக்கத்தை நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்தில் கொடுத்து, திருத்தம் செய்யப்பட்டதா என்று பாருங்கள். கொழும்பில் ஒரு சுற்று ஓடிப் பார்ப்பது போதாது. ஆட்களை ஏற்றி, அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, ஏற்றத்தில் நிறுத்திப் புறப்பட்டுப் பாருங்கள்.

விற்பனையாளர் தந்த உத்தரவாதத்துக்கு மாறாகக் குறை இருந்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்தில், வாங்கிய மூன்று மாதங்களுக்குள் இருக்க வேண்டும். தமிழும் அரசகரும மொழி, தமிழிலேயே எழுதுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. "பழகினால் சரியாகும்" என்ற பேச்சில் அந்த மூன்று மாதமும் கரைந்துவிட விடாதீர்கள்.