எது கலங்குகிறது, அம்மா?

"வயிற்றைக் கலக்குகிறது" என்று ஒருவர் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அஜீரணம் என்பீர்கள். ஊரில் வளர்ந்தவரானால், ஏதோ பயம் என்றும் எண்ணுவீர்கள். தமிழில் இரண்டும் சரியே. மகனோடு தங்குவதற்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வந்த ஒரு தாயார், மருத்துவரிடம் இதைத்தான் சொன்னார். உடன் சென்ற பேத்தி அதை வயிற்று உபாதை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டாள். பல வாரங்கள் வயிற்றுக்கே மருந்து. தாயாரோ இரவெல்லாம் உறங்காமல், கதவுத் தாழ்ப்பாளை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலங்குதல் என்றதும் நம் கண்முன் வருவது தண்ணீரே. தெளிந்த குளத்தில் மாடு இறங்கினால் அடியில் படிந்திருந்த சேறு மேலெழும்பும். புதிதாகச் சேறு ஏதும் வந்து விழவில்லை என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருந்ததே மேலே வருகிறது. கண் கலங்குவதும், குடல் கலங்குவதும், மனம் கலங்குவதும் அப்படியே.

யோவான் சுவிசேஷத்தைத் திறந்து பாருங்கள். 5-ஆம் அதிகாரத்தில் பெதஸ்தா குளத்துத் தண்ணீர் கலக்கப்படுகிறது. 11, 12, 13-ஆம் அதிகாரங்களில் ஆண்டவர் தாமே கலங்குகிறார். 14-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் சீஷர்களின் இருதயத்திற்கும் அதே வார்த்தை வருகிறது. கிரேக்க மூலத்திலும் இவ்விடங்களில் இருப்பது 'தராஸ்ஸோ' என்னும் ஒரே வினைச்சொல். நமது பழைய மொழிபெயர்ப்பு குளத்திற்கு ஒரு சொல், ஆத்துமாவுக்கு வேறொரு சொல் என்று பிரிக்கவில்லை. கலங்குவதே அவிசுவாசம் என்று பிறரைக் கடிந்துகொள்ளுகிறவர்கள், 14:1-க்கு முன் 13:21-ஐயும் வாசிப்பது நல்லது.

இந்நகரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னடத்தில் 'களவள' என்றால் கவலை, மனப்பதைப்பு. நாம் அதைக் கேட்டதும் 'கலவரம்' என்று திடுக்கிடுகிறோம். தமிழ்க் கலவரத்திற்கும் மனக்கலக்கம் என்ற பொருள் உண்டு. செய்தித்தாள்களோ அதைத் தெருச்சண்டைக்கே ஒதுக்கிவிட்டன. 1991 டிசம்பரில், காவிரிப் பிரச்சினையின்போது இங்கே வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு அந்த இரண்டு பொருளும் தெரியும். 'சஞ்சலம்' என்றால் நமக்குத் துயரம். கன்னடத்தாருக்கோ 'சஞ்சல' என்பது நிலையில்லாமல் அலைபாயும் மனம். துக்கத்தைச் சொல்லப்போய், சபலபுத்திக்காரர் என்று பெயர் வாங்க நேரிடும்! நம் வாலிபர்களோ "கலக்கிட்டே!" என்று பாராட்டுவதற்கே இந்த வேர்ச்சொல்லை வைத்திருக்கிறார்கள்.

பெரியவர்கள் வயிற்றைச் சொல்லி மனதை மறைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 'சித்தம் கலங்கினவர்' என்று ஊரார் யாரைச் சொல்லுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்கு அஞ்சியே பலர் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் வாசலை மிதிப்பதில்லை. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வீட்டிலிருந்தபடியே பேசலாம் என்பதால், தயங்குகிறவர்களுக்கு இது எளிது.

அந்தத் தாயாரைப் பின்பு தமிழ் அறிந்த வேறொரு மருத்துவர் பார்த்தார். வயிற்றைத் தொடவில்லை. "எது கலங்குகிறது, அம்மா?" என்று மட்டும் கேட்டார். ஊரில் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பற்றியும், அந்த வீட்டில் மரித்த கணவரைப் பற்றியும் அவர் அன்றுதான் முதன்முறையாகப் பேசினார். பேத்தி பக்கத்திலேயே நின்றிருந்தாள். மொழிபெயர்க்க அவளுக்கு ஒன்றுமிருக்கவில்லை.