ஒற்றைச் சக்கர ஓட்டமும் சட்டத்தின் பிடியும்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிப் பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது வீலிங். முன் பிரேக்கை இறுக்கிப் பின் சக்கரத்தை எழுப்புவது ஸ்டாப்பி. சீட்டின் மேல் ஏறி நிற்பது, கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டுவது, வளைந்து நெளிந்து பிற வண்டிகளுக்கிடையே பாய்வது என இந்த வகைகள் நீளும். இவற்றுக்கென்று தனிப் பிரிவு எதுவும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆனாலும் பொதுச் சாலையில் வீலிங் செய்பவர் மீது ஒரே நேரத்தில் ஐந்தாறு பிரிவுகள் பாய முடியும். அபராதத் தொகையை மட்டும் பார்த்து அலட்சியமாக இருப்பவர்களுக்கு மற்றவை பெரும்பாலும் தெரிவதில்லை.

வண்டி எழும்போது நடப்பது

குறைந்த கியரில் கிளட்சைப் பிடித்து, ஆக்சிலேட்டரை முறுக்கி, கிளட்சைச் சட்டென விட்டால், பின் சக்கரத்துக்குப் பாயும் விசை முன்பக்கத்தைத் தூக்கிவிடும். வண்டியும் ஆளும் சேர்ந்த மொத்த எடையின் மையம் பின் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே வந்துவிட்டால், சிறிதளவு ஆக்சிலேட்டரிலேயே அந்த நிலை நீடிக்கும். அதைத் தாண்டினால் மல்லாந்து விழ வேண்டியதுதான். பழகியவர்கள் வலது காலைப் பின் பிரேக்கை விட்டு எடுக்காமல் இருப்பது இதனால்தான். அதை லேசாக மிதித்தால் முன்பக்கம் இறங்கும்.

அந்தச் சில விநாடிகளில் ஓட்டுபவர் இழப்பது அதிகம். முன் சக்கரம் தரையில் இல்லாததால் கைப்பிடியைத் திருப்பியும் வண்டி திரும்பாது. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, அதுவும் போய்விடுகிறது. டேங்கும் மீட்டரும் பார்வையை மறைக்கின்றன. இரவில் ஹெட்லைட் வானத்துக்கு ஒளி காட்டுகிறது. இறக்கும்போது முன் சக்கரம் கோணலாகத் தரையைத் தொட்டால், கைப்பிடி இருபுறமும் உதறி ஆளைத் தூக்கி எறியும்.

காலி ரோடும் காப்பாற்றாது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் சிக்கினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாலையில் செல்வோருக்கும் சாலையோரம் இருப்போருக்கும் அச்சத்தை உண்டாக்கும்படி ஓட்டுவதையும் இந்தப் பிரிவுக்குள் சேர்த்தது. யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

"அப்போது ரோட்டில் யாருமே இல்லை" என்ற சமாதானமும் இங்கே எடுபடாது. இடத்தின் தன்மை, அது எதற்குப் பயன்படுகிறது, அந்த நேரத்தில் இருந்த போக்குவரத்து ஆகியவற்றுடன், அங்கே நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய போக்குவரத்தையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது சட்டம். எரியோட்டிலிருந்து வேடசந்தூருக்கோ வடமதுரைக்கோ போகும் சாலையை எடுத்துக்கொள்ளலாம். பத்து நிமிடம் வெறிச்சென்று கிடக்கும் அதே இடத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நூற்பாலை வேன்கள் வரிசையாக வரும். தோட்டத்துத் தடத்திலிருந்து பால் கேனைக் கட்டிய மொபெட் திடீரென ரோட்டில் ஏறும்; மேய்ச்சலிலிருந்து திரும்பும் ஆடுகள் குறுக்கே போகும். இவை எல்லாம் எதிர்பார்க்கக்கூடியவையே.

பந்தயம் விட்டால் 189ஆம் பிரிவு சேரும். மாநில அரசின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவதும் கலந்துகொள்வதும் குற்றம். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட அபராதப்படி இதற்கு முதல் முறை 5,000 ரூபாய், அடுத்த முறை 10,000 ரூபாய்.

அலட்சியமா, அறிந்தே செய்ததா?

பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. அதன் 281ஆம் பிரிவு பொதுவழியில் கண்மூடித்தனமாக ஓட்டுவதற்கு 6 மாதம் வரை சிறை விதிக்கிறது. அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை. இவை அலட்சியம் சார்ந்த குற்றங்கள். ஆனால் தன் செயலால் மரணம் நேரலாம் என்று தெரிந்தே ஒருவர் செய்தார் என்றால் வழக்கின் எடை மாறுகிறது. கொலையாகாத மரணம் விளைவிக்கும் முயற்சி என்ற 110ஆம் பிரிவு (பழைய சட்டத்தில் 308) ஜாமீனில் விட முடியாத குற்றம்.

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாடு நேரில் கண்டது யூடியூபர் டி.டி.எஃப். வாசன் வழக்கில். 2023 செப்டம்பர் 17 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் தாமல் அருகே சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் முன் சக்கரம் எழும்பிய நிலையில் அவர் வண்டியோடு தூக்கி வீசப்பட்டு, கை எலும்பு முறிந்தது. இரண்டு நாளில் பாலுசெட்டிசத்திரம் போலீசார் அவரைக் கைது செய்தனர். வழக்கில் 308ஆம் பிரிவும் சேர்ந்தது. அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தபோது, அந்த பைக்கை எரித்துவிடலாம் என்று நீதிபதி சி.வி.கார்த்திகேயன் கடுமையாகக் கூறினார். நவம்பரில்தான் ஜாமீன் கிடைத்தது.

2022இல் நீதிபதி ஏ.டி.ஜெகதீஷ் சந்திரா வேறு வழியைக் கையாண்டார். பைக் ரேஸ் வழக்கில் சிக்கிய இளைஞர் ஒருவர் அரசு மருத்துவமனையின் விபத்துச் சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் ஊழியர்களுக்கு உதவ வேண்டும் என்பது ஜாமீன் நிபந்தனை. அண்ணா சாலையில் சாகசம் செய்த மற்றொருவர், தேனாம்பேட்டை சிக்னலில் நின்று விழிப்புணர்வுத் துண்டறிக்கை விநியோகிக்க வேண்டியிருந்தது.

பல வழக்குகளில் முதல் சாட்சி, ஓட்டியவரே சமூக வலைதளத்தில் ஏற்றிய வீடியோதான். 2023 தீபாவளியின்போது திருச்சி அருகே சிறுகனூர் பகுதி நெடுஞ்சாலையில் பைக்கில் பட்டாசுகளைக் கட்டி வெடிக்கவிட்டு வீலிங் செய்த இளைஞர் கைதானதும் அப்படித்தான். லைக் வாங்கித் தரும் காட்சியே ஆள், இடம், வண்டி மூன்றையும் போலீசுக்குக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

லைசென்ஸ், வண்டி, பெற்றோர்

சிறையை விட நீண்ட நாள் உறுத்துவது லைசென்ஸ் இழப்பு. 19ஆம் பிரிவின் கீழ், பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிப்பவரின் லைசென்சை வட்டாரப் போக்குவரத்து அலுவலர் தகுதிநீக்கம் செய்யலாம். வாசனின் லைசென்ஸ் 2033 அக்டோபர் வரை பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. முடக்கக் காலத்தில் வண்டி எடுத்தால் 182ஆம் பிரிவில் 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

சாகசத்துக்காக வண்டியின் அமைப்பை மாற்றினால் 182ஏ பிரிவு உரிமையாளரைப் பிடிக்கும்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை. காதைப் பிளக்கும் சைலன்சருக்கு 190ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஓட்டியவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சுமை வீட்டின் மேல் விழுகிறது. 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோ குற்றவாளியாகக் கருதுகிறது: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. தங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே.

இன்சூரன்ஸ் எதுவரை?

சாகசத்தால் வழிப்போக்கர் பாதிக்கப்பட்டால் மூன்றாம் தரப்புக் காப்பீட்டில் அவருக்கு இழப்பீடு உண்டு. ஓட்டியவரின் குடும்பத்துக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. தன் சொந்த அலட்சியத்தால் இறந்தவரின் வாரிசுகள் அவர் ஓட்டிய வண்டியின் காப்பீட்டு நிறுவனத்திடம் இழப்பீடு கோர முடியாது என்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 2 அன்று மறுத்தது. அது வேகமாக ஓட்டிய கார் கவிழ்ந்த வழக்கு. தத்துவம் பைக்குக்கும் பொருந்தும். பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் வண்டியைப் பயன்படுத்தினால் காப்பு இல்லை என்பது வழக்கமான பாலிசி நிபந்தனை.

அனுமதியுள்ள இடங்களும் சட்டத்தின் இடைவெளியும்

வேகத்தைச் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளமும், கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வேயும் உள்ளன. அரசு ஒப்புதல் இருந்தால் பொதுச் சாலையே களமாகலாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேரக் கார் பந்தயம் அதற்கு உதாரணம். இங்கெல்லாம் பிற வாகனங்கள் கிடையாது. தடுப்புகள், மார்ஷல்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் தயாராக நிற்கும்.

பொதுச் சாலை வீலிங்கைப் பொறுத்தவரை, இருக்கும் சட்டம் போதவில்லை என்ற குரல் நீதிமன்றத்திலிருந்தே எழுந்துள்ளது. கங்காவதியில் நடந்த வீலிங் வழக்கில் 2025 மே மாதம் ஜாமீன் மறுத்த கர்நாடக உயர் நீதிமன்றம், இருசக்கர வண்டியை ஒற்றைச் சக்கரத்தில் ஓட்டுவார்கள் எனச் சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள் என்று குறிப்பிட்டு, கடுமையான விதிகள் கொண்டுவருமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டது. பிரிட்டனில் 2002ஆம் ஆண்டுச் சட்டம், எச்சரிக்கைக்குப் பிறகும் அடங்காதவரின் வண்டியைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்தைப் போலீசுக்கு நேரடியாகத் தருகிறது. ஆஸ்திரேலிய மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் உள்ளன. வீலிங்குக்கென அப்படியொரு விதி வரும்வரை 184ஆம் பிரிவு, குற்றவியல் சட்டம், லைசென்ஸ் முடக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இங்கு அதன் வேலையைச் செய்கின்றன.