சேவலா பெட்டையா: ஆறாம் நாள் கணக்கு

போடிநாயக்கனூர்ப் பக்கம் கோழியை அடை வைக்கிறவர்கள், முட்டையின் முனையைத் தடவிப் பார்த்துக் கூராக இருந்தால் சேவல், மழுங்கலாக இருந்தால் பெட்டை என்பார்கள். ஓட்டின் வடிவத்துக்கும் உள்ளே வளரும் குஞ்சுக்கும் தொடர்பே இல்லை. ஓடு உருவாகும் முன்பே சேவலா பெட்டையா என்பது முடிவாகிவிடுகிறது.

முடிவு செய்வது தாய்க்கோழி. மனிதரில் தந்தையின் விந்தணுதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பறவைகளில் இது தலைகீழ். சேவலுக்கு இரண்டு ‘இசட்’ குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு ‘டபிள்யூ’. தாய் இசட் தந்தால் சேவல், டபிள்யூ தந்தால் பெட்டை. போடிமெட்டு ஏறும் வழியில், ஏலக்காட்டு ஓரங்களில் கூவும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதே விதிதான்.

அடைகாப்பு 21 நாள். ஏறக்குறைய ஆறாம் நாள் வரை கருவின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அது விரையாகவும் மாறலாம், சினைப்பையாகவும் மாறலாம். இசட் குரோமோசோமில் டி.எம்.ஆர்.டி.1 என்றொரு மரபணு இருக்கிறது. சேவல் கருவில் அது இரட்டைப் பங்கு. அந்த அளவு இருந்தால்தான் விரை உருவாகும். 2009-இல் ஆஸ்திரேலியாவில் கிரேக் ஸ்மித் குழுவினர் சேவல் கருக்களில் இந்த மரபணுவை அடக்கிப் பார்த்தார்கள். விரை வளர வேண்டிய இடம் சினைப்பையின் சாயலுக்குப் போனது.

பெட்டைக் கருவில் வேலையை எடுத்துக்கொள்வது அரோமடேஸ் என்ற நொதி. ஆண் ஹார்மோனை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஈஸ்ட்ரோஜன் சினைப்பையை வளர்க்கிறது. 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த நொதியைத் தடுக்கும் மருந்தை முட்டைக்குள் செலுத்தினார்கள். மரபணுப்படி பெட்டையாக இருந்த குஞ்சுகள் விரையோடும் சேவல் தோற்றத்தோடும் வளர்ந்தன. ஒரு ஹார்மோனுக்கு இத்தனை அதிகாரமா என்று எனக்கு இன்றும் வியப்புத் தீரவில்லை.

இன்னொரு விந்தை. பெட்டைக்கு இடப்பக்கச் சினைப்பை மட்டுமே முழுதாக வளர்கிறது. வலப்பக்கத்தது சிறு எச்சமாக நின்றுவிடும். முதிர்ந்த கோழியில் இடப்பக்கத்தது நோயால் கெட்டால் ஈஸ்ட்ரோஜன் வற்றும். அப்போது வலப்பக்க எச்சம் விரைபோல வளரக்கூடும். கொண்டை பெருக்கும், சேவல் இறகு முளைக்கும், கோழி கூவவும் தொடங்கும். ஆனாலும் அதன் குரோமோசோம்கள் மாறுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டை ஒருநாள் கூவினால் அபசகுனம் என்று கழுத்தைத் திருகிவிடாதீர்கள். அதன் சினைப்பை பழுதாகியிருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.