மூன்றாவது நாற்காலி யாருக்கு?

கள்ளக்குறிச்சியிலே விமானம் இறங்குவதில்லை. உளுந்தூர்பேட்டைக்கருகே இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று உண்டு. வெள்ளையன் போர் வந்தபோது போட்டான், போர் முடிந்தபோது போட்டுவிட்டுப் போனான். கல்வராயன் மலையிலே கடுக்காய் பொறுக்குகிறவருக்கு விமானம் என்பது, அண்ணாந்து பார்த்து, சத்தம் அடங்கும்வரை நின்று, பிறகு குனிந்து வேலையைத் தொடர்வதற்கான ஒரு பொருள். "அப்படியிருக்க, விமானிகள் வேலைக்குப் போகிற வழியிலே யார் எந்த இருக்கையிலே உட்காருவது என்கிற வழக்கை எங்களிடம் எதற்காகக் கொண்டுவந்து கொட்டுகிறாய்?" என்று கேட்பீர்கள், தோழர்களே! கேட்க வேண்டிய கேள்விதான்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் வளைந்து வளைந்து ஏறுகிற பேருந்தை நினைத்துப் பாருங்கள். விடியற்காலையிலே அது கீழே இறங்குகிறபோது, ஓட்டுநருக்குப் பக்கத்திலே காக்கிச் சட்டையோடு ஒருவர் நின்றுகொண்டு வருவார். அவர் அந்த வண்டிக்கு ஓட்டுநரல்ல, நடத்துநருமல்ல. டிப்போவிலே தன் வண்டியை எடுக்கப் போகிறவர். பாஸ் சட்டைப்பையிலே இருக்கிறது. இடம் இருந்தால் உட்காருவார், இல்லாவிட்டால் நிற்பார். நின்று களைத்த அந்தக் கால்தான், இன்னும் ஒரு மணி நேரத்திலே ஐம்பது உயிர்களைச் சுமந்த வண்டியின் பிரேக்கை மிதிக்கப் போகிறது!

விமானத்திலும் இதே ஆள் உண்டு. குடும்பம் சென்னையிலே இருக்கும், வேலை தொடங்கும் தளம் தில்லியிலே இருக்கும். வேலைக்குப் போக இன்னொரு விமானத்திலே ஏறியாக வேண்டும். காலி இடம் இருந்தால் பயணிகளோடு உட்காரலாம். இல்லாவிட்டால், விமானி அறையிலே இரு விமானிகளுக்கும் பின்னால் மடக்கி வைத்திருக்கும் குட்டி நாற்காலி ஒன்று இருக்கிறது. ஜம்ப் சீட் என்பார்கள். சோதனை அதிகாரிக்காக வைத்த இடம் அது. அமெரிக்காவிலே வேலைக்குப் போகும் விமானிகளுக்கு அதுவே அன்றாட வாகனமாகிவிட்டது. அந்த விமானத்தின் தலைமை விமானி சரி என்றால் ஏறலாம், மாட்டேன் என்றால் இறங்க வேண்டும்.

நாற்காலி ஒன்று, வாசலிலே நிற்பவர் மூவர். யாருக்குக் கொடுப்பது? பட்டியலிலே மூத்தவருக்கு என்கிறது ஒரு நிறுவனம். முதலிலே வந்து பெயர் கொடுத்தவருக்கு என்கிறது இன்னொன்று. இதற்காகச் சங்கங்கள் இரண்டுபட்டு வாதாடியிருக்கின்றன.

பணிமூப்பு என்ற சொல்லை நான் எளிதிலே விட்டுக்கொடுக்கமாட்டேன். அது இல்லாத காலம் எப்படி இருந்தது? முதலாளி வீட்டு வேலையும் சேர்த்துச் செய்தவனுக்கு நல்ல வண்டி; மேனேஜரின் மைத்துனனுக்குப் பகல் வேலை; வாய் திறந்து நியாயம் கேட்டவனுக்கு மலைப்பாதை! 'ஆளைப் பாராதே, தேதியைப் பார்' என்று தொழிலாளி போராடிப் போட்ட வேலிதான் பணிமூப்பு. 1972 முதல் தமிழ்நாட்டிலே பேருந்துகள் அரசுடைமையாயின; 1975 சனவரியிலே விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. தனி முதலாளியின் முகக்குறி பேசிய இடத்திலே, ஏட்டிலே எழுதிய தேதி பேச ஆரம்பித்தது. சின்ன மாற்றமா அது?

மலைமேலேயும் ஒரு மூப்பு இருந்ததே! கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களாகப் பிரிந்து கிடந்தது. ஜாகீர்தார் வீட்டிலே பிறந்த குழந்தை தொட்டிலிலேயே மூத்தது. தாடி நரைத்த மலையாளி கூலியில்லாமல் வெட்டி வேலை செய்தும் கடைசிவரை இளையவன். வெள்ளையன் போய், குடியரசு வந்து, தேர்தல்கள் பல நடந்து, 1976இலேதான் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான். அது பிறப்பு கொடுத்த மூப்பு. தொழிலாளி கேட்பது உழைப்பு கொடுத்த மூப்பு. இரண்டும் ஒன்றென்று சொல்லி, 'பணிமூப்பே பழைய பஞ்சாங்கம், திறமையைப் பார்ப்போம்' என்று கிளம்புகிற நிர்வாகிகளை நம்பிவிடாதீர்கள். அவர்கள் சொல்லும் திறமை பல நேரங்களிலே குனிகிற திறமை!

ஆனால் தேதியும் சில நேரம் பொய் சாட்சி சொல்லும். மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, அமெரிக்க விமானப்படையிலே பறந்தவர், 1957இலே கான்டினென்டல் விமான நிறுவனத்திலே வேலை கேட்டார். நிறத்தைக் காட்டிக் கதவை அடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1963இலே நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அவர் பறக்கத் தொடங்கியதோ 1965இலே. சேர்ந்த தேதியை மட்டுமே பார்க்கிற ஏடு, வாசலிலே நிறுத்திவைத்த எட்டாண்டுகளை எந்தப் பக்கத்திலே எழுதும்? உள்ளே விடப்படாதவன் பிந்தி வருகிறான். பிந்தி வந்ததாலே பின்னால் நில் என்கிறார்கள். இந்தக் கணக்கை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் நாட்டு விமானிகளின் கதையைப் பாருங்கள். 2007இலே ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்சையும் இணைத்தார்கள். காகிதத்திலே இணைப்பு, பணிமூப்புப் பட்டியலிலே பிணக்கு. கடல் தாண்டிப் பறந்தவர் ஒரு பக்கம், உள்நாட்டிலே பறந்தவர் மறுபக்கம், யார் மூத்தவர்? 2011இலே பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சம ஊதியம் கேட்டுப் பத்து நாள் வேலைநிறுத்தம். தர்மாதிகாரி குழு அமைத்தார்கள். 2012 சனவரியிலே அறிக்கை வந்தது. அதே ஆண்டு மே மாதம், புதிய டிரீம்லைனர் விமானத்திலே யாருக்குப் பயிற்சி என்ற தகராறிலே மறுபக்கத்து விமானிகளின் வேலைநிறுத்தம், 58 நாள்! அண்ணனும் தம்பியும் பாகப்பிரிவினை பேசிக்கொண்டிருக்க, 2022 சனவரி 27 அன்று வீடே டாட்டா கைக்குப் போய்ச் சேர்ந்தது. விற்பனைக்கு விமானிகள் காரணமல்ல. கடனும், இணைத்தவர்களின் திட்டமின்மையும்தான் காரணம். ஆனால், 'என்னை எதற்காக விற்கிறாய்?' என்று சேர்ந்து கேட்க வேண்டிய குரல்கள் அதற்கு முன்பே இரண்டாகிப் போயிருந்தன.

இனி, இந்த வழக்கை ஏன் விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதைச் சொல்கிறேன்.

2009 பிப்ரவரி 12, இரவு. அமெரிக்காவிலே நெவார்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன சிறு விமானம், இறங்குவதற்குச் சற்று முன்னால் ஒரு வீட்டின்மீது விழுந்தது. விமானத்திலே 49 பேர், வீட்டிலே ஒருவர்: ஐம்பது பேர் மாண்டார்கள். துணை விமானி ஓர் இளம்பெண். தளம் நெவார்க், வசித்ததோ மறுகோடியிலே சியாட்டில் பக்கம், பெற்றோர் வீட்டிலே. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர்! முதல்நாள் இரவு புறப்பட்டு, சரக்கு விமானத்தின் ஜம்ப் சீட்டிலே மெம்பிஸ் வந்து, அங்கே மாறி, காலையிலே நெவார்க் சேர்ந்தார். ஏன் தளத்திலேயே வீடு எடுக்கவில்லை? விசாரணையிலே பேசப்பட்ட சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 16,000 டாலர். அந்தச் சம்பளத்திலே நெவார்க் வாடகை எங்கே, அவர் எங்கே? தலைமை விமானியோ புளோரிடாவிலிருந்து வருகிறவர். ஊழியர் ஓய்வறையிலே உறங்கி எழுந்தவர்.

விசாரணை வாரியம் கண்ட முதற்காரணம், எச்சரிக்கை எழுந்தபோது தலைமை விமானி விசையைத் தவறாக இழுத்தது. களைப்பு இருவரையும் பாதித்திருக்கக்கூடும், எவ்வளவு என்று அளக்க முடியவில்லை என்றும் எழுதினார்கள். அளக்க முடியாததுதான்! பிறகு ஓய்வு விதிகளை மாற்றினார்கள். 2014இலே நடைமுறைக்கும் வந்தது. ஆனால் வீட்டிலிருந்து தளத்துக்கு வரும் பயணத்தை மட்டும், 'அது அவரவர் பொறுப்பு' என்று விட்டுவிட்டார்கள். சம்பளத்தை நிர்ணயிப்பவன் நிறுவனம். தளத்தை நிர்ணயிப்பவன் நிறுவனம். தூக்கம் கெட்டால் மட்டும் தொழிலாளியின் பொறுப்பாம்!

பட்டியலின் அடியிலே இருப்பவர்தான் குறைந்த சம்பளக்காரர். விரும்பிய தளம் கிடைக்காமல் தூர தளத்துக்குத் தள்ளப்படுபவரும் அவரே. தூரத்திலிருந்து வருகிற அவருக்கே நாற்காலியும் கடைசியிலே என்றால், மூப்பு ஒரே ஆளை மூன்று முறை தண்டிக்கிறது. ஆகவே என் கட்சி இது: வேலைக்குப் போகிறவருக்கு முதலிடம், விடுமுறைக்குப் போகிறவருக்கு அடுத்த இடம். வேலைக்குப் போகிறவர்களுக்குள்ளே போட்டி வந்தால் மூப்பைப் பாருங்கள், ஆட்சேபணை இல்லை. முப்பதாண்டு பறந்த பெரியவர் பேரன் பிறந்தநாளுக்குப் போக, விடிந்தால் விமானம் ஓட்ட வேண்டிய பிள்ளை விமான நிலைய நாற்காலியிலே இரவைக் கழிப்பது எந்த நியாயம்?

எழுதிவைக்காத சலுகை எப்போதும் வம்புதான். 2024 மே மாதம் நாங்குநேரிப் பக்கம் ஒரு காவலர் அரசுப் பேருந்திலே டிக்கெட் எடுக்க மறுத்தது நினைவிருக்கும். வாரண்ட் இல்லாமல் இலவசம் இல்லை என்றது போக்குவரத்துத் துறை; உடனே அரசுப் பேருந்துகளுக்குப் போக்குவரத்துக் காவலர் அபராதம் போட ஆரம்பித்தார்கள். கடைசியிலே இரு துறைச் செயலாளர்கள் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று.

கள்ளக்குறிச்சி இப்போது தனி மாவட்டம். 2019 நவம்பர் முதல். இங்கே சங்கக் கூட்டம் கூடும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள், தோழர்களே! மலையிலிருந்தும் தூரத்துக் கிராமத்திலிருந்தும் முதல் வண்டி எடுக்க வருகிறவர், அந்தப் பயணத்திலே உட்கார்ந்து வருகிறாரா, நின்று வருகிறாரா? முதல்நாள் இரவே வந்துவிட்டால், படுக்க அவருக்கு டிப்போவிலே கட்டிலும் கொசுவலையும் இருக்கிறதா? இல்லையென்றால், அடுத்த ஒப்பந்தக் கோரிக்கையிலே அவற்றை எழுதச் சொல்லுங்கள். மூத்தவர்களே முதல் கையெழுத்துப் போடட்டும்.