எந்தப் பாங்கியில் கணக்கு வைப்பது?

1906-ம் வருஷம் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு அதனுடன் மூழ்கியது. அந்தத் துயரத்தின் பயனாகவே, வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907-ல் இந்தியன் பாங்கி தோன்றிற்று. பாங்கியைத் தேடுவோர் அக்காலத்தில் கேட்ட கேள்வி ஒன்றே: போட்ட பணம் திரும்புமா?

இன்று நம் நாட்டில் அக்கவலை பெரிதும் குறைந்துவிட்டது. ஒருவர் ஒரு பாங்கியில் போட்டுள்ள பணத்துக்கு, வட்டி உட்பட 5 லட்சம் ரூபாய் வரையில், 2020 முதல் இன்ஷ்யூரன்ஸ் உண்டு. சாமானியக் குடும்பத்தின் அன்றாடக் கணக்குக்கு இது போதும். ஆகவே பெரிய கட்டிடத்தையும் விளம்பரத்தையும் கண்டு நாம் மயங்க வேண்டியதில்லை. நம்மை எவ்வாறு நடத்துகிறார்கள் என்பதே கவனிக்கத் தக்கது.

கணக்கு ஆரம்பிக்குமுன், மாத முதல் வாரத்தில் ஒருநாள் நேரில் சென்று பாருங்கள். பென்ஷன் வாங்க வரும் முதியோருக்கு உட்கார இடம் உண்டா? பாஸ் புத்தகத்தில் வரவு செலவைத் தாமதமின்றிப் பதிந்து தருகிறார்களா? படிவம் நிரப்பத் தெரியாதவருக்குக் குமாஸ்தா பொறுமையுடன் விளக்குகிறாரா? குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அது குறைந்தால் கட்டணம் என்ன என்றும் கேளுங்கள். புதிதாக வருபவருக்கே தெளிவாகப் பதில் சொல்லாதவர், நாளை நம் குறையைக் காதில் வாங்குவாரா?

பாங்கியிடம் எழுத்து மூலம் குறை தெரிவித்து 30 நாளில் தக்க பதில் வராவிட்டால், ரிஸர்வ் பாங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். பணம் நம்முடையது, மரியாதையும் நமக்கு உரியதே.