ஓசி வைஃபையை நம்பி உட்கார்ந்தேன்!

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த அனுபவம் இது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உதவும் என்றே எழுதுகிறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. நான் பத்தாவது வரைதான் படித்திருக்கிறேன். மூத்தவள் நல்ல மதிப்பெண் வாங்கி, இன்ஜினீயரிங் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். என் தம்பி காலத்தில் மூட்டை கட்டிக்கொண்டு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். 2018-ல் இருந்து எல்லாமே ஆன்லைன் ஆகிவிட்டது. 'வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம்' என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அவள் கேட்ட கல்லூரியிலேயே தற்காலிகமாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். அதை 'உறுதி செய்கிறேன்' என்று குறித்த நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் அந்த இடம் கையை விட்டுப் போய்விடும். கடைசி நாள் மாலை 5 மணி வரை நேரம். "ஒரு பட்டனைத் தட்டுவதுதானே, சாயந்திரம் பார்த்துக்கலாம்" என்று விட்டது என் முதல் தப்பு.

அன்று ஆடித் தள்ளுபடி. ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்குப் புடவை எடுக்கப் போனேன். பஸ்ஸில் சின்னவன் நச்சரித்ததால் போனைக் கொடுத்தேன். அது இரண்டாவது தப்பு. கிரிக்கெட் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியதில், அன்றைய 1.5 ஜிபியும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வேகம் 64 கேபிபிஎஸ்தான். அதில் வாட்ஸ்அப்பில் ஒரு வரி செய்தி போகும். கலந்தாய்வுப் பக்கம் திறக்குமா? அவரோ மில்லில் ஷிப்டில் இருந்தார். போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

புடவைக் கடையை விட்டு வெளியே வரும்போது மணி மூன்றே முக்கால். எதிரே ஒரு பெரிய காபி கடை. கண்ணாடிக் கதவில் 'இலவச வைஃபை' என்று எழுதியிருந்தது. சாமியே வழி காட்டியது போல இருந்தது. உள்ளே போய் இரண்டு காபிக்கு 320 ரூபாய் அழுதேன்.

வைஃபையில் நுழைய போன் நம்பரைக் கொடுத்து, ஓடிபி வாங்க வேண்டுமாம். பொது இடத்து வைஃபையில் யார் நுழைகிறார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அப்படி ஒரு விதி. அந்த ஓடிபி வரவே ஐந்து நிமிடம். போனில் கோடு முழுசாகக் காட்டியது. ஆனால் பக்கம் திறக்காமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. நாலேகாலுக்கு ஒருவழியாகத் திறந்தது. மகள் பாஸ்வேர்டு அடித்து முடிக்கிற நேரத்தில் 'உங்கள் இலவச நேரம் முடிந்தது' என்று வந்து, எல்லாம் போச்சு. மறுபடி நம்பர், மறுபடி ஓடிபி.

மணி 4.35. மகள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. "அம்மா, பக்கமே வர மாட்டேங்குதுங்கம்மா" என்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பத்தும் ஐந்துமாகப் பணம் சேர்த்துப் படிக்க வைத்தது இந்தக் காபி கடையிலா முடிய வேண்டும் என்று நெஞ்சு அடைத்தது.

மேசை துடைக்க வந்த பையன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, என்னாச்சு?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ அக்கா, நாங்களே இந்த வைஃபையைத் தொடறதில்லீங்க. கூட்டம் வந்தா படுத்துக்கும்" என்று சொல்லி, தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தான். மூன்றே நிமிடம். 4.44-க்கு மகள் பதிவு செய்துவிட்டாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வாரம் வந்த அக்கா மகனிடம், "கோடு முழுசா இருந்துச்சே கண்ணு, அப்புறம் ஏன் வரலை?" என்று கேட்டேன். அவன் கம்ப்யூட்டர் படித்தவன்.

"சித்தி, அந்தக் கோடு உங்க போனுக்கும் கடையில இருக்கிற பெட்டிக்கும் நடுவுல சிக்னல் எப்படி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். பெட்டிக்கு அந்தப் பக்கம் நெட் வருதான்னு சொல்லாது" என்றான்.

நம் பாஷையில் சொன்னால், குழாய் பளபளவென்றுதான் இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்க வேண்டுமே! கடைக்கு வருவது ஒரே லைன். உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் அதைத்தான் பங்கு போடுகிறார்கள். ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே குழாயில் எல்லோரும் குடம் வைத்த கதைதான். அதில் ஒருவர் சினிமா பார்த்தால் மற்றவர் குடம் நிரம்பாது. இன்னொன்றும் சொன்னான். பப்ஸ் சூடு செய்யும் மைக்ரோவேவ் அடுப்பும், பல வைஃபை பெட்டிகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால், அடுப்பு ஓடும்போது பக்கத்தில் வைஃபை தடுமாறுமாம்!

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டேன். கடையின் பெயரிலேயே வேறு யார் வேண்டுமானாலும் ஒரு வைஃபை வைத்து ஏமாற்றலாமாம். இப்போது பெரும்பாலான தளங்களில் நாம் அனுப்புவது பூட்டியே போகிறது என்றாலும், போலித் தளத்துக்கும் பூட்டுப் படம் இருக்குமாம். ஆகவே பணம் அனுப்புவது, வங்கிக் கணக்கு பார்ப்பது எல்லாம் அங்கே வேண்டாம். அப்படிப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்ல வேண்டும்.

இப்போது நான் கடைப்பிடிப்பது இவைதான். கெடு உள்ள வேலையைக் கடைசி நாள் வரை தள்ளுவதில்லை. அந்த வேலை முடியும் வரை போன் பிள்ளைகள் கைக்குப் போகாது. டேட்டா தீர்ந்தால் பக்கத்து ரீசார்ஜ் கடையில் இருபது முப்பது ரூபாய்க்குக் கூடுதல் டேட்டா போட்டுக்கொள்கிறேன். அன்று 320 ரூபாய் காபிக்குக் கொடுத்தவளுக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள், 'இலவசம்' என்ற பலகை கண்ணை மறைத்துவிட்டது! கலந்தாய்வுக்கென்று மாவட்டந்தோறும் உதவி மையங்கள் இருக்கின்றன. வீட்டில் நெட் வசதி இல்லாதவர்கள் நேரே அங்கே போய்விடலாம்.

காபி கடைக்குப் போனால் காபி குடிப்போம், இலவச வைஃபையில் கோலம் பார்ப்போம், சமையல் குறிப்பு பார்ப்போம். பிள்ளைகளின் படிப்பை மட்டும் அதை நம்பி ஒப்படைக்க வேண்டாம். என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி.