இன்ஜின் சத்தத்தை எண்ணிப் பார்த்த கதை

மார்கழி மாசம் காலையில வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் பானெட்டுக்குள்ளேர்ந்து ‘டிக் டிக் டிக்’னு ஒரு சத்தம். அஞ்சு நிமிஷம் ஓடினால் காணாமல் போய்விடும். ஒன்பது வருஷப் பழசான பெட்ரோல் வண்டி, நாலு சிலிண்டர். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, “டாப்பெட் சத்தம் சார். ஹெட்டை இறக்கணும். 40,000 ஆகும்” என்றார். பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம் அது. ரெண்டு நாள் டைம் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நமக்குத் தெரிந்த தொழில் சாஃப்ட்வேரில் பிழை தேடுவதுதானே, அதையே இங்கேயும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் வேலை, சத்தத்தை அளப்பது.

கார் இன்ஜின் நாலு ஸ்ட்ரோக் வகை. காற்றை இழுப்பது, அமுக்குவது, எரிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்று நாலு வேலை. இந்த நாலும் முடிய கிராங்க் ரெண்டு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றும். ஆகவே, ஒரு குறிப்பிட்ட வால்வு தட்டினால் சத்தம் கிராங்க் வேகத்தில் பாதியாக வரும். கிராங்கோடு சேர்ந்து சுற்றும் பாகம் தட்டினால் பெரும்பாலும் சுற்றுக்கு ஒரு முறை வரும். பெல்ட், ஆல்டர்னேட்டர் பேரிங் எல்லாம் இந்த ரெண்டு கணக்கிலும் அடங்காது, அவற்றின் புல்லி அளவே வேறு.

மறுநாள் காலையில் போனில் ரெக்கார்ட் செய்தேன். குளிரில் மீட்டர் 1,200 ஆர்.பி.எம். காட்டியது, அதாவது நொடிக்கு 20 சுற்று. ஆடாசிட்டியில் போட்டு முனைகளை எண்ணினால் 5 நொடியில் 50. நொடிக்கு 10. சரியாகப் பாதி! அப்போ மெக்கானிக் சொன்னது சரிதான் போல என்று மனசு உடைந்தது.

இங்கேதான் நான் செய்த தப்பு. பாதி வேகத்தில் நடப்பது வால்வு மட்டும் இல்லை. ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளுவதும் ரெண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்டில் சின்ன இடைவெளி இருந்தால், ஒவ்வொரு தடவையும் புகை ‘டிக்’ என்று கசியும். சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளியை மூடிவிடும், சத்தமும் நின்றுவிடும். குளிரில் மட்டும் வருகிற டாப்பெட் சத்தமும் உண்டு என்பதால் அதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே எண்ணிக்கை, ரெண்டு குற்றவாளி. எப்படிப் பிரிப்பது?

ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்தினாலும் வால்வு மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆனால் எரிதல் இல்லாததால் வெளியே தள்ளுவதற்கு அழுத்தம் இருக்காது. இதுதான் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து சில நொடி மட்டும் கேட்டேன். மாற்றமில்லை. அதை மாட்டிவிட்டு ரெண்டாவதைக் கழற்றினேன். வண்டி குலுங்கியது, டிக் சத்தம் சுத்தமாக நின்றது. (இக்னிஷன் காயிலைக் கழற்றாதீர்கள். எரியாத பெட்ரோல் போய் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். இன்ஜெக்டரைக் கழற்றினாலும் செக் இன்ஜின் விளக்கு எரியும், பிறகு அழித்துக்கொள்ளலாம்.)

கனெக்டிங் ராடு சத்தமும் இப்படிக் குறையும் என்பதால் இன்னொரு சாட்சி தேவைப்பட்டது. ஒரு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்ட் ஓரமாக நகர்த்தினேன். ரெண்டாவது சிலிண்டர் பக்கம் போனதும் காதில் அறைந்த மாதிரி சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு. அங்கே இருந்த ஸ்டட் ஒன்று முறிந்திருந்தது. (இதைச் செய்யும்போது சட்டைக் கை, துப்பட்டா எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக் கூடாது.)

அதே மெக்கானிக்கிட்ட போய் ரெக்கார்டிங்கையும் கரிக் கோட்டையும் காட்டினேன். பார்த்துவிட்டு, “ஆமா சார், கேஸ்கெட்தான். ஆனா கழட்டும்போது இன்னொரு ஸ்டட்டும் உடையும், அதுக்குத் தனி காசு” என்றார். சொன்ன மாதிரியே உடைந்தது. எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. அவர் என்னை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் நினைக்கவில்லை. காதுக்கு ரெண்டும் ஒன்றுதான்.

கசிவு சின்னதுதானே என்று தள்ளிப்போடவும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு, ஏசி காற்று வழியாக உள்ளே வரலாம். அந்த இடைவெளி வழியாகக் காற்று உள்ளே போனால் ஆக்சிஜன் சென்சாரும் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும்.

மற்ற சத்தங்களுக்குச் சுருக்கமாக: ‘கீச்’ என்று கத்தினால் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், சத்தம் மாறினால் கோளாறு பெல்ட் பக்கம்தான். மேடு ஏறும்போது மட்டும் கலகலவென்று வந்தால் நாக்கிங், பெட்ரோலின் தரத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம். அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாகத் தட்டினாலோ, சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தாலோ எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். உடனே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள்.

மெக்கானிக்கிடம் போகும் முன் நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: குளிரிலா சூட்டிலா, எத்தனை ஆர்.பி.எம்.மில், ஆக்சிலரேட்டர் மிதித்தால் கூடுகிறதா, நின்றால் வருகிறதா ஓடினால் வருகிறதா. கூடவே 30 நொடி ரெக்கார்டிங். பட்டறைக்குப் போனதும் சத்தம் வராமல் நம்மை அசடு ஆக்கும் வண்டிகளுக்கு அது ஒன்றுதான் மருந்து.